டோபா ஏரிக்கரையில் அம்மா கேட்ட கேள்வி

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல அழைத்தார்கள். நான் ஒரு பயணக் கதை சொல்கிறேன், கேளுங்கள்.

என் தாயார் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். அவர் அறிந்த பெரிய மலை, உலு பெண்டுலில் நாமெல்லாம் ஏறும் அங்சி மலைதான். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நான் அவரைச் சுமத்திராவுக்கு அழைத்துப் போனேன். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம்; மேடான் நகருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். அங்கேயும் நம்மவர்கள் அந்தக் காலத்தில் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார்கள். 1884-இல் கட்டிய மாரியம்மன் கோயிலைக் கண்டதும் அம்மாவுக்குப் பாதிக் களைப்பு தீர்ந்தது.

மறுநாள் டோபா ஏரி. அதன் நீளம் 100 கிலோமீட்டர், அகலம் 30 கிலோமீட்டர், ஆழம் 500 மீட்டர். அங்சி மலையின் உச்சி 825 மீட்டர். டோபா ஏரியின் தண்ணீரோ 900 மீட்டர் உயரத்தில் நிற்கிறது! நம் மலை உச்சிக்கும் மேலே ஒரு கடல் கிடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

"இம்புட்டு உசரத்துல இவ்வளவு தண்ணி எப்படிப்பா வந்துச்சு?" என்று கேட்டார் அம்மா.

"மழைத் தண்ணிம்மா" என்றேன்.

"மழை அங்சி மலையிலயுந்தான் பேயுது. அங்க ஏன் ஏரி இல்ல?"

பட்டம் வாங்கிய எனக்குப் பதில் தெரியவில்லை.

விடை அடுத்த நாள் கிடைத்தது. பெராஸ்தாகி ஊருக்கு அருகே சிபாயாக் எரிமலை இருக்கிறது. ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரம். பாதி தூரம் வண்டி, மீதி நடை. பனிமூட்டத்தில் வழி தவறும் இடம் என்பதால் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைச் சேர்த்துக்கொண்டோம். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. பால் வாளி தூக்கி மேடு பள்ளம் ஏறிய கால்கள் எனக்கு முன்னே போயின. மேலே அழுகிய முட்டை நாற்றம். மஞ்சள் மஞ்சளாய்க் கந்தகம். பாறை இடுக்கில் 'புஸ்' என்று ஆவி.

"அடுப்பு இன்னும் அணையல" என்றார் அம்மா.

வழிகாட்டி சிரித்துக்கொண்டே விளக்கினார். அவர் பேசியது நம் மலாய் மாதிரியே இருந்ததால் அம்மாவுக்கே புரிந்தது. ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் டோபா வெடித்தது. உள்ளே இருந்த பாறைக் குழம்பு வெளியே கொட்டியதும், பானைக்குள் மூடி விழுந்த மாதிரி மேல்தரை உள்ளே இறங்கியது. அந்தப் பள்ளத்தில் மழைநீர் நிறைந்ததுதான் ஏரி. சுமத்திராவுக்கு அடியில் இந்தியப் பெருங்கடலின் தரை இன்னும் நுழைந்துகொண்டிருப்பதால் அடுப்பு எரிகிறது. பக்கத்துச் சினாபுங் மலை பல நூறு ஆண்டுகள் தூங்கி, 2010-இல் விழித்துக்கொண்டது.

ஊர் திரும்பிய பிறகு புத்தகங்களைத் தேடிப் படித்தேன். அங்சி கருங்கல் மலை. அதுவும் ஒரு காலத்தில் பாறைக் குழம்புதான். வெளியே வராமல் பூமிக்குள்ளேயே ஆறி இறுகிவிட்டது. அதனால் அங்கே பள்ளமும் இல்லை, ஏரியும் இல்லை. டோபாவின் சாம்பலோ நம் பேராக் மாநிலம் லெங்கோங் வரை வந்து படிந்திருக்கிறது. அங்கே சாம்பலோடு ஆதி மனிதரின் கல் கருவிகளும் கிடைத்தன. 2012-இல் அந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தார்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பள்ளிக்கூடத்துல இருந்திருந்தா இந்தக் கேள்விய அப்பவே கேட்டிருப்பேன்ல?" என்றார். அந்த வார்த்தை இன்னும் என்னைச் சுடுகிறது.

பெற்றோர்களே, கேள்வி கேட்கும் அறிவு நம் லயத்து வீடுகளில் என்றும் இருந்தது, படிக்கத்தான் வழியில்லை. தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று எந்தப் பெண் பிள்ளையையும் வீட்டில் நிறுத்தாதீர்கள். ஆசிரியர்களே, "வாயை மூடு" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளே, பரிசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் "ஏன்?" என்று கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.