கலைப் படிப்பு யாருக்கு?

(கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் தொழிலாளர் வீடுகளில் பெரும்பாலும் ஒரே உரையாடல்தான் நிகழ்கிறது. பிள்ளை வரலாறோ இலக்கியமோ மொழியோ படிக்க விரும்புவதாகச் சொன்னால், “அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்னும் கேள்வி உடனே எழுகிறது. கட்சி உறுப்பினரின் வீடும் இதற்கு விலக்கன்று. ஆலையிலும் ரயில்வே பணிமனையிலும் உடம்பைத் தேய்த்த ஒருவர் கேட்கும் இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. வேலையற்ற பட்டதாரிகளை நாள்தோறும் காண்பவர் அவர். ஆயினும் இதே கேள்வி செல்வந்தர் வீட்டில் இத்தனை அச்சத்தோடு எழுவதில்லை. ஏன் எழுவதில்லை என்பதிலிருந்துதான் இன்றைய பொருளைத் தொடங்க வேண்டும்.

தில்லிக்கு வடக்கே, ஹரியானாவின் சோனிபட்டில் 2014இல் அசோகா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதன்பின் ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்னும் பெயர் இந்திய மேல்தட்டினரிடையே செல்வாக்குப் பெற்றது. தத்துவம், வரலாறு, இலக்கியம், கணினி அறிவியல், பொருளாதாரம் ஆகியவற்றைக் கலந்து பயிலும் முறை அது. முறையில் குறையில்லை, உண்மையில் நல்ல முறை. ஆனால் ஓர் ஆண்டுக் கட்டணம் பல லட்சம் ரூபாய். உதவித்தொகையில் பயில்வோரும் அங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் கொடையாளர் மனம் வைத்துத் தருவது வேறு, உரிமையாகப் பெறுவது வேறு. அந்தக் கொடையின் எல்லை 2021 மார்ச்சில் தெரிந்தது. அரசை விமர்சித்து எழுதிவந்த பேராசிரியர் பிரதாப் பானு மேத்தா, தமது தொடர்பு நிறுவனத்துக்கு அரசியல் சுமையாகக் கருதப்படுவதாகக் கடிதம் எழுதிவிட்டு வெளியேறினார். அவர் இடதுசாரியும் அல்லர், தாராளவாதி. அவருக்கே இந்நிலை.

மறுபுறம், அரசுக் கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்திருப்பது 2020ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கை. பல்துறைக் கல்வி என்னும் அதே சொல் இங்கும் உண்டு. தட்சசீலம், நாளந்தா, பாணபட்டரின் காதம்பரியில் வரும் அறுபத்து நான்கு கலைகள் ஆகிய அனைத்தையும் அந்த ஆவணம் பேசுகிறது. நடைமுறையில் கிடைப்பதோ நான்கு ஆண்டுப் பட்டமும் இடையில் வைக்கப்பட்ட வெளியேறும் வாசல்களும். ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம். இதற்கு ‘நெகிழ்வு’ என்று பெயர். தந்தையின் வேலை பறிபோனால் முதல் வாசலில் வெளியேறுவது யார்? திருமணம் நிச்சயிக்கப்பட்டால் இரண்டாம் வாசலில் வெளியேறுவது யார்? இடைநிற்றல் என்று அழைக்கப்பட்டதற்கு இப்போது ஒரு சான்றிதழ் வழங்கப்படுகிறது, அவ்வளவே. தில்லிப் பல்கலைக்கழகத்தில் இந்த நான்காண்டுத் திட்டம் 2013இல் கொண்டுவரப்பட்டு, ஆசிரியர், மாணவர் எதிர்ப்பால் 2014இல் திரும்பப் பெறப்பட்டது. 2022இல் அது மீண்டும் வந்தது.

இந்த ஏற்பாடு புதியதன்று. 1923இல் முசோலினி ஆட்சியில் கல்வி அமைச்சர் ஜென்டிலே கொண்டுவந்த சீர்திருத்தத்தைப் பற்றி அந்தோனியோ கிராம்ஷி சிறையில் எழுதினார். தொழிலாளியின் பிள்ளைக்குத் தொழிற்பள்ளி. உயர்குடிப் பிள்ளைக்கு இலக்கியமும் தத்துவமும். தனித்தனியே தொழிற்பள்ளிகள் பெருகுவது மேலோட்டமாக ஜனநாயகம் போலத் தோன்றும். ஆனால் அது சமூகப் பிரிவினையை நிலைப்படுத்தும் என்பது அவர் முடிவு. இலத்தீன் போன்ற பழைய மொழியைக் கற்பதில் உள்ள கடும் உழைப்பை அவர் இகழவில்லை. படிப்பும் ஓர் உழைப்பு, அதற்கும் உடம்பும் நரம்பும் பழக வேண்டும் என்றே கருதினார். சார்டினியாவின் ஏழைக் குடும்பத்திலிருந்து 1911இல் உதவித்தொகை பெற்றுத் தூரின் பல்கலைக்கழகத்துக்குச் சென்று மொழியியல் பயின்றவர் அவர். வறுமையும் நோயும் வாட்டியதால் பட்டம் பெறவில்லை. ஆயினும் அந்தப் பயிற்சி இல்லாமல் சிறைக் குறிப்பேடுகளின் பக்கங்களைக் கற்பனை செய்ய முடியாது.

இந்தியாவில் இதற்கு இணையான சான்று டி.டி. கோசாம்பி. தொழிலால் கணிதவியலாளர். பழைய முத்திரை நாணயங்களை ஒவ்வொன்றாக எடையிட்டு, புழக்கத்தில் அவை தேய்ந்த அளவைப் புள்ளியியல் கொண்டு ஆராய்ந்தார். பர்த்ருஹரியின் செய்யுள்களுக்குச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பு வெளியிட்டார். 1956இல் அவர் எழுதிய இந்திய வரலாற்று ஆய்வுக்கான அறிமுக நூல், மார்க்சிய வரலாற்றெழுதியலுக்கு அடித்தளமாயிற்று. சமஸ்கிருதத்தை வேதபாடசாலைக்கு விட்டுக்கொடுத்திருந்தால் இந்த நூல் பிறந்திருக்காது. மொழி அறிந்தவரே மூலத்தைப் படிக்கிறார். மற்றவர் பிறர் சொன்னதை நம்ப வேண்டியவராகிறார். மார்க்சும் ஐம்பது வயதைக் கடந்தபின் ரஷ்ய மொழி கற்றார். அந்நாட்டின் விவசாய நிலைமையை நேரடியாக அறிவதற்கே அந்த முயற்சி.

ஆகவே பிரச்சினை சமஸ்கிருதம் கற்பிக்கப்படுவது அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழியாகப் பதிந்தோர் 24,821 பேர். அதற்கென 2020இல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் மூன்று மத்தியப் பல்கலைக்கழகங்கள் உருவாக்கப்பட்டன. கோடிக்கணக்கானோர் பேசும் மொழிகளுக்கு இந்தத் தாராளம் காட்டப்படவில்லை. சந்தாலி, கோண்டி, முண்டாரி பேசும் பிள்ளை தன் மொழியின் இலக்கணத்தைப் பல்கலைக்கழகத்தில் பயில எத்தனை இடங்களில் வாய்ப்பு உள்ளது என்பதை எண்ணிப் பார்த்தால் போதும்.

கலைப் படிப்பு பயனற்றது என்றால், அதன் பாடத்திட்டத்தின்மீது ஆட்சியாளருக்கு இத்தனை அக்கறை ஏன்? 2011இல் தில்லிப் பல்கலைக்கழகம் இளங்கலை வரலாற்றுப் பாடத்திலிருந்து ஏ.கே. ராமானுஜனின் இராமாயணங்கள் குறித்த கட்டுரையை நீக்கியது. 2021 ஆகஸ்டில் ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து மூன்று பெண்களின் எழுத்து நீக்கப்பட்டது. ஒன்று மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’. காவலில் சிதைக்கப்பட்ட பழங்குடிப் பெண், ஆடையை மறுத்து அதிகாரியின் முன்னே நிமிர்ந்து நிற்கும் கதை அது. மற்ற இருவர் தமிழ்நாட்டின் தலித் படைப்பாளிகளான பாமா, சுகிர்தராணி. கல்விக்குழு உறுப்பினர் பலர் மறுப்புக் குறிப்பு அளித்தும் பயனில்லை. தமிழில் எழுதப்பட்ட ஒரு தலித் பெண்ணின் வாழ்க்கை தில்லி வகுப்பறையை அடைய மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பாடத்தில் வைக்கும் ஆசிரியர் வேண்டும். படிக்கும் மாணவர் வேண்டும். இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் அந்தக் குரல் அங்கே கேட்காது.

மாற்று சாத்தியமே என்பதற்கு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் நீண்ட காலம் சான்றாக இருந்தது. பின்தங்கிய மாவட்டத்தாருக்கும் பெண்களுக்கும் சேர்க்கையில் கூடுதல் மதிப்பெண், மிகக் குறைந்த கட்டணம் ஆகியவற்றால் கிராமத்துப் பிள்ளைகள் அங்கே பாரசீகமும் ரஷ்யனும் சீனமும் பயின்றனர். 2017-18இல் சேர்ந்தவர்களில் சுமார் 40 விழுக்காட்டினரின் குடும்ப மாத வருமானம் 12,000 ரூபாய்க்கும் குறைவு என்று அதன் ஆண்டறிக்கையே கூறியது. இதன் மீதான தாக்குதல் படிப்படியாக வந்தது. 2017இல் ஆராய்ச்சி இடங்கள் வெட்டப்பட்டன. 2019இல் எழுதிக் காட்டும் நுழைவுத்தேர்வு போய், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கணினித் தேர்வு வந்தது. ஒரு கவிதையைப் பற்றி நான்கு விடைகளில் ஒன்றே சரி என்று முடிவு செய்யும் தேர்வு எத்தகைய இலக்கிய மாணவரைத் தேர்ந்தெடுக்கும் என்பது சிந்திக்கத்தக்கது. அதே ஆண்டில் தனி அறை வாடகையை 20 ரூபாயிலிருந்து 600 ஆக்க முயன்றபோதுதான் மாணவர்கள் வீதிக்கு வந்தனர்.

வேலை குறித்த கேள்விக்கு மழுப்பலான பதில் கூடாது. மொழி படித்தவருக்கு மொழிபெயர்ப்பு, இதழியல், ஆசிரியப் பணி, அரசுத் தேர்வுகள் என வழிகள் உண்டு. ஆனால் அரசுக் கல்லூரிகளில் நிரப்பப்படாத ஆசிரியர் இடங்களும் கௌரவ விரிவுரையாளர் ஊதியமும் அந்த வழிகளைக் குறுக்கியுள்ளன. எனவே “எங்கள் பிள்ளைக்கு இலக்கியம் வேண்டும்” என்பதும் “காலியிடத்தை நிரப்பு” என்பதும் ஒரே கோரிக்கை மனுவில் இடம்பெற வேண்டியவை.

சேர்க்கைக் காலம் நெருங்குகிறது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோரின் பட்டியலை எடுக்கட்டும். விண்ணப்பம் நிரப்ப உதவும் மேசை ஒன்று போடட்டும். உதவித்தொகை விவரம் அறிந்த ஆசிரியத் தோழர் ஒருவர் அங்கே அமரட்டும். வரலாறு படிக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பெண் வந்தால், முதலில் அவளுடைய தந்தையிடம் பேச வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு அனுபவமுள்ள தோழரை அனுப்புவது நல்லது.