எல்லைப்புறத் தறிகளும் அரசுப் பணமும்

களியக்காவிளையைக் கடந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியே செல்வோமானால், பாலராமபுரத்தில் தறியோசை நம்மை எதிர்கொள்ளும். பாலராம வர்மர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து குடியேறிய சாலியரின் குழித்தறிகள் அவை.

இவற்றுக்கு அரசுப் பணம் எவ்வழியில் வருதல் நன்று? 1953ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைத்துணிமீது தீர்வை விதித்துக் கதருக்கும் கைத்தறிக்கும் உதவிற்று. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டமோ பிணை கேளாது கடன் வழங்குகிறது. கடன் வேண்டுவதே, எனினும், நெய்த துணி பெட்டியிலே கிடந்தால் வளர்வது வட்டியன்றோ!

2017இல் கேரள அரசு பள்ளிச் சீருடைக்குக் கைத்தறித் துணியைக் கொள்ளத் தொடங்கிற்று. விற்பனைக் கவலை குறைந்தது. கூலி நிலுவையில் நிற்கிறதென்ற முறையீடும் எழுந்ததுண்டு. ஆனால் சீருடைக்குக் கசவு நுட்பம் வேண்டியதில்லை. அந்நுட்பத்தை இளைஞர் பயிலவும், புதிய கரைகளைப் புனையவும் தனியே நிதி ஒதுக்குதல் வேண்டுமென்பது நம் கருத்து.