துளி மின்சாரமும் மெல்லிய தகடும்

மின்சாரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை கிணற்று மோட்டாரும் தெருவிளக்குமே. ஆனால் மண்ணின் ஈரத்தைக் காட்டும் கருவி, தானியக் கிடங்கின் வெப்பத்தை அளந்து சொல்லும் கருவி போன்ற சிறு சாதனங்கள் இன்று பெருகி வருகின்றன. அவை பெரும்பாலான நேரம் உறங்கி, அவ்வப்போது ஒரு கணம் விழித்துத் தம் வேலையைச் செய்கின்றன. ஆகவே அவற்றுக்குச் சராசரியாக வேண்டுவது மிகச் சொற்ப மின்சாரமே. அதனை வாட் கணக்கில் அளப்பதில்லை. ஒரு வாட்டைப் பத்து லட்சம் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மைக்ரோவாட் என்று பெயரிட்டு அளக்கின்றனர்.

இச்சாதனங்கள் பெரும்பாலும் பாட்டரியால் இயங்குகின்றன. நூறு கருவிகளை நிறுவினால் நூறு பாட்டரிகளை மாற்ற ஆளும் பணமும் வேண்டும். தீர்ந்துபோனவை குப்பையிலும் வயலிலும் சேரும். பொத்தான் வடிவப் பாட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழல் வெந்து புண்ணாகக்கூடும். எனவே பாட்டரியின்றித் துளி மின்சாரத்தைப் பெறும் வழியை விஞ்ஞானிகள் தேடி வருகின்றனர்.

இத்தேடலில் முன்னணியில் நிற்பவை அணுக்கனமே உள்ள மெல்லிய படலங்கள். 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலவும், பென்சிலில் உள்ள கிராபைட்டிலிருந்து ஒட்டும் நாடாவைக் கொண்டு ஓர் அணுக் கனமுள்ள படலத்தை உரித்தெடுத்தனர். அதற்காக 2010இல் நோபல் பரிசு பெற்றனர். அதன்பின் வேறு பொருள்களிலும் இத்தகைய படலங்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் ஒன்று மாலிப்டினம் டைசல்பைடு.

மாலிப்டினம் உழவர்களுக்கு அந்நியமான பொருளன்று. பயறு வகைகளின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி நிறுத்துவதற்கு அவசியமான நுண்ணூட்டம் அதுவே. அது கந்தகத்துடன் சேர்ந்து உண்டாகும் இப்படலம் மூன்று அணுக்களின் கனமே உடையது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அதில் ஒரு கூறினும் மெல்லியது.

இப்படலத்தின் உபயோகம் என்ன? இணையத் தொடர்புக்கான வைஃபை அலை ஒரு விநாடியில் சுமார் 240 கோடி தடவை முன்னும் பின்னுமாக அசைகிறது. அவ்வாறு அசையும் மின்சாரம் கருவிக்கு உதவாது. ஒரே திசையில் ஓடவேண்டும். பம்பு செட்டின் உறிஞ்சு குழாய் அடியிலுள்ள புட் வால்வு, தண்ணீரை மேலே விட்டுக் கீழே இறங்காமல் தடுக்கிறதன்றோ? அத்தகைய ஒருவழிக் கதவை இப்படலத்தால் செய்து, ஆண்டெனாவுடன் இணைத்தனர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து விஞ்ஞானிகள். அவர்களது ஆய்வு 2019இல் வெளிவந்தது. சாதாரணமாகக் கிடைக்கும் 150 மைக்ரோவாட் அளவுள்ள வைஃபை அலையிலிருந்து சுமார் 40 மைக்ரோவாட் மின்சாரம் கிடைத்தது. பழைய ஒருவழிக் கதவுகள் விறைப்பானவை. இதுவோ காகிதம்போல் வளையும்.

அலையிலிருந்தே சக்தி பெறும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. ஈயத் தாதுவான காலினாப் படிகத்தால் மின்னலைகளை உணரும் கருவிக்கு ஜகதீச சந்திர போஸ் 1904ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் வந்த படிக ரேடியோக்கள் பாட்டரி இல்லாமலேயே பாட்டைக் காதில் ஒலிக்கச் செய்தன.

40 மைக்ரோவாட் எதற்குப் போதும்? சொட்டும் குழாயின் கீழ் குடத்தை வைப்பதுபோல், அதனை ஒரு மின்தேக்கியில் ஒரு மணி நேரம் சேர்த்தால், ஒரு விநாடிக்கு 1,44,000 மைக்ரோவாட் தரும் அளவு திரளும். ஒரு விநாடிக்கு 1,00,000 மைக்ரோவாட் கேட்கும் அளவுமானி, வழியில் வீணாவது போக, மணிக்கு ஒருமுறை வெப்பத்தையோ ஈரத்தையோ அளந்து செய்தி அனுப்பிவிடலாம்.

எதற்குப் போதாது என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 9 வாட் விளக்கு ஒன்றை எரிக்க இத்தகைய தகடுகள் 2,25,000 வேண்டும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 9 கோடிக்கும் மேல் வேண்டும். மேலும், திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் அலையின் வலிமை கால் பங்காகிவிடும். வைஃபை எட்டாத வயலில் இத்தகடு வெறும் தகடே. அங்கே கதிரவனே கொடைவள்ளல். உச்சி வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டர் சூரியத் தகடு சுமார் 20,000 மைக்ரோவாட் தரும். ஆகவே வெயில் படும் இடத்திற்குச் சூரியத் தகடும், வெயில் புகாத கிடங்கு, சுவர் உட்புறம் போன்ற இடங்களுக்கு அலைத் தகடும் ஏற்றவை என்று பகுத்துணர்தல் நலம்.

உறுப்பினர்களே! ஊராட்சிப் பணம் மக்களின் பணம். “காற்றிலிருந்து இலவச மின்சாரம், விளக்கும் எரியும், மோட்டாரும் ஓடும்” என்று எவரேனும் கருவி விற்க வந்தால், தீர்மானம் நிறைவேற்றுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். எத்தனை மைக்ரோவாட் கிடைக்கும்? அலை புறப்படும் இடத்திலிருந்து எத்தனை அடி தூரத்தில் கிடைக்கும்? அதே வேலையைச் சிறிய சூரியத் தகடு குறைந்த விலையில் செய்யாதா? இவற்றுக்கு எண்களால் விடை கூறி, நம் கண்முன் இயக்கிக் காட்டுபவரிடமே மேற்கொண்டு பேசுவோம்.

விஞ்ஞானத்தை வியந்து நிற்பதும் வேண்டாம். வெறுத்து ஒதுக்குவதும் வேண்டாம். அளந்து அறிந்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு ஏற்போம். விதைநெல்லை எண்ணி எடுத்து வைக்கும் உழவருக்கு அளவின் அருமையை நாம் எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை.