பசிக்கும் பட்டியலா?



இக்கூட்டத்திற்கு வரும் வழியில், தெருமுனை ரேஷன் கடையின் முன்னே நீண்டதோர் வரிசையைக் கண்டேன். உச்சி வெயில், தலையிலே முந்தானை, கையிலே பை, இடுப்பிலே குழந்தை. "பேச்சாளர் போகிறார்" என்று எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வரிசையில் இடம் போய்விடுமே! அந்த வரிசையைப் பற்றியே இன்று பேசுவது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

அங்கு நின்ற எவரிடமும், "நீ ஏழைதானா? சான்று எங்கே?" என்று கடைக்காரர் கேட்கவில்லை. அரிசி வேண்டுவோர் அரிசி அட்டையோடு வருகின்றனர். வேண்டாதோர் சர்க்கரை அட்டையோடு நின்றுகொள்கின்றனர். இது என்ன பெரிய செய்தி என்பீர்கள். பெரிய செய்திதான், தோழர்களே! இந்தியாவின் மிகப் பெரும்பகுதியில், 1997 ஜூன் திங்கள் முதல், அந்தக் கேள்விதான் முதற் கேள்வி. அதற்கு முன்பு எல்லோருக்கும் என்றிருந்த பொது விநியோகத்தை, வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று இரண்டாகப் பிளந்தார்கள். கோடு கிழித்தது யார்? பசித்தவனா? இல்லை. டில்லியிலே அன்றிருந்த திட்டக்குழு! 2011இல் உச்சநீதி மன்றத்தில் அக்குழு உறுதிமொழிப் பத்திரம் தந்தது: நகரத்திலே நாளொன்றுக்கு 32 ரூபாய், சிற்றூரிலே 26 ரூபாய் செலவிட முடிந்தால் அவன் ஏழையல்லன் என்று. எழுதிய பேனாவின் விலை என்னவோ, நானறியேன்.

நாடகம் எழுதுபவன் நான். ஆகவே ஒரு சிறு காட்சி. இடம், வடபுலத்துச் சிற்றூர் ஒன்று. காலம், பட்டியல் எடுக்கும் காலம்.

அதிகாரி: வீடு கூரையா, ஓடா?

கிழவி: ஓடுதான் ஐயா. மகன் இருந்தபோது போட்டது.

அதிகாரி: மாற்றுச் சேலை?

கிழவி: இரண்டு உண்டு.

அதிகாரி: ஓட்டு வீடு! இரண்டு மாற்றுச் சேலை! நீ கோட்டுக்கு மேலே!

கிழவி: ஓட்டையா, ஐயா, உலையிலே போடுவது?

காட்சி என் கற்பனை, கேள்விகள் கற்பனையல்ல. 2002இல் சிற்றூர்களில் ஏழைகளைக் கண்டறிய 13 கேள்விகள் வைத்தார்கள். உடுதுணி எத்தனை என்பதும் அவற்றிலே ஒன்று! ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நான் கல்லூரியைப் பாதியிலே விட்டவன். மதிப்பெண் குறைந்தால் என்ன ஆகும் என்பதை நன்கறிவேன். ஆனால் இந்தத் தேர்விலே, குறைந்த மதிப்பெண் வாங்கியவனுக்கே சோறு. ஒன்று கூடிவிட்டால் பட்டினி! இப்படியொரு தேர்வை எந்தப் பல்கலைக் கழகமும் நடத்தியதில்லை.

சரி, இத்தனை கறாராக வடிகட்டியபின் அரிசி ஏழையின் வீட்டைத்தான் அடைந்ததா? அதே திட்டக்குழுவின் மதிப்பீட்டறிக்கையே 2005இல் சொல்லிற்று: மத்தியத் தொகுப்பிலிருந்து புறப்பட்ட மானியத் தானியத்தில் நூற்றுக்கு 58 பங்கு, வறுமைக் கோட்டுக்குக் கீழிருந்த குடும்பங்களைச் சென்றடையவில்லை என்று. ஏழைக்கு ஒரு ரூபாய் சேர்க்க அரசு 3 ரூபாய் 65 காசு செலவிட்டது என்று. வேலி போட்டார்கள்; ஆடு வெளியே நின்றது, பயிர் மட்டும் காணாமற் போயிற்று!

2013இல் வந்தது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். குறை சொல்வதற்காகவே குறை சொல்பவனல்லன் நான். உணவு, சலுகையன்று, உரிமை என்று எழுதிய சட்டம் அது. தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். பரம ஏழைக் குடும்பத்துக்கு 35 கிலோ. அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய் என்றது. 2023 சனவரி முதல் அந்த விலையும் இல்லை. 18 வயது நிரம்பிய மூத்த பெண்மணியே அட்டையிலே குடும்பத் தலைவி என்றது. தாய்மார்களே, இதை நான் கைதட்டி வரவேற்கிறேன்.

ஆனால் அதே சட்டம் ஓர் எல்லையையும் போட்டது. சிற்றூர் மக்களில் நூற்றுக்கு 75 பேர் வரை, நகர மக்களில் 50 பேர் வரை. எந்தக் கணக்குப்படி? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி! 2021இல் எடுக்க வேண்டிய கணக்கு அவ்வாண்டில் எடுக்கப்படவில்லை. நாட்டிலே குழந்தைகள் பிறந்தன, பட்டியல் மட்டும் வளரவில்லை. ஒதுக்கீடு நிரம்பிவிட்ட மாநிலத்தில் புதுப்பெயர் ஒன்று ஏறவேண்டுமானால், பழைய பெயர் ஒன்று இறங்க வேண்டும். எவரேனும் சாக வேண்டும் என்று காத்திருப்பதா, சோற்றுக்கு வழி?

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2011இல் தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 21 இலட்சம். சட்டத்தின்படி மையம் ஏற்றுக்கொண்டது 3 கோடியே 64 இலட்சம் பேரை. மீதிப் பேரைக் கணக்கிலிருந்து கழித்துவிடு என்றது டில்லிக் கணக்கு. கழிக்கவில்லை தமிழகம். 1997இலும் கோடு கிழிக்கவில்லை. 2016 நவம்பரில் இச்சட்டத்திற்குள் வந்தபோதும் எல்லோருக்குமான விநியோகத்தைக் கைவிடவில்லை. மிச்சச் சுமை மாநிலத்தின் கருவூலத்தின்மேல்.

"மாளிகைவாசிக்கும் அரிசியா?" என்று கேட்கிறார்கள், படித்தவர்கள். கேளுங்கள்! மாளிகைவாசி இந்த வெயிலிலே வரிசையில் வந்து நிற்பானா? வரிசையே அவனை வடிகட்டிவிடுகிறது. அவனை விலக்குவதாகச் சொல்லிப் பட்டியல் போட்டால், விலக்கப்படுவது கையெழுத்துப் போடத் தெரியாதவள், தாசில்தாரைப் பார்க்க ஒருநாள் கூலியை இழக்க முடியாதவள்.

"இலவசம் சோம்பேறியாக்கும்" என்பார் இன்னொருவர். ஒரு வீட்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி. வெளிக்கடையில் கிலோ 40 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 800 ரூபாய். அந்த 800 ரூபாய் எங்கே போகிறது? பிள்ளைக்கு முட்டையாகிறது; மாமியாருக்கு மருந்தாகிறது; மாதக் கடைசியில் வட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் தடுக்கிறது. அரிசி கிடைத்த மறுநாள் கூலிக்குப் போகாமற் படுத்துக்கொண்டவளை யாராவது காட்டுங்கள், பார்ப்போம்.

பட்டியலிலிருந்து பெயர் விழுந்தால் என்ன ஆகும்? சார்க்கண்டு மாநிலம், சிம்டேகா மாவட்டம். 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி மாண்டாள். ஆதாரோடு இணைக்கப்படவில்லை என்று அக்குடும்பத்தின் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பட்டினியால் என்றனர் வீட்டார்; மலேரியாவால் என்றது அரசு. வாதம் எப்படியும் போகட்டும். அந்த வீட்டிலே அரிசி இருந்ததா? அதை மட்டும் கேட்கிறேன்.

நம் வீட்டிலும் ஓட்டை உண்டு, மறைக்க மாட்டேன். ரேஷன் அரிசி மூட்டை மூட்டையாக எல்லை கடந்து போவதும், பிடிபடுவதும் நாளேட்டிலே நாம் படிப்பதுதான். கல் பொறுக்கிக் கை சலித்த தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்கள். கல்லுடைத்து ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்க மறுத்து, நாளைக்கு வா என்று அனுப்பப்பட்டவர்களும் இருக்கிறீர்கள். கடைக்காரரிடம் உரத்துக் கேளுங்கள், எழுதிக் கொடுங்கள், விடாதீர்கள்.

இன்னொன்று. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருவோர் உங்கள் வாசலுக்கு வரும்போது, நேற்றுப் பிறந்து தொட்டிலிலே கிடக்கும் குழந்தையையும், கட்டட வேலைக்கு வெளியூர் போயிருக்கும் அண்ணனையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். அவர் கையில் இருப்பது அரிசிக் கணக்கு.