ஒரு சொல்லில் போன வேலை

(மாணவர் வழிகாட்டி முகாமில் ஆற்றிய உரை)



ஹஜ்ரத் இங்கிலீஷைப் பற்றி என்ன பேசிவிடப் போகிறார் என்று பின்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மதரஸாவில் ஏழாண்டு அரபு படித்தவன் நான். ஆங்கிலம், முப்பது வயதுக்கு மேல் டிக்ஷனரியைப் புரட்டிப் புரட்டிக் கற்றது. அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர்த் தம்பி ஒருவர். ஒரு மறியலில் கைதாகி, வழக்கு நடந்து, நிரபராதி என்று விடுதலையானவர். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் நிரப்பினார். 'நீங்கள் எப்போதாவது கன்விக்ட் செய்யப்பட்டதுண்டா?' என்று அதில் ஒரு கேள்வி. நாம்தான் கைதானோமே என்று 'ஆம்' எழுதிவிட்டார். வேலை போயிற்று! பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தவர், தனக்கு எதிராகத் தானே பொய்சாட்சி சொல்லிவிட்டார்.

சஸ்பெக்ட் என்றால் சந்தேகிக்கப்படுபவர். அக்யூஸ்ட் என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். கன்விக்ட் என்றால் குற்றவாளி என்று நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டவர். மூன்றையும் 'குற்றவாளி' என்று ஒரே சொல்லால் எழுதும் பத்திரிகைகளைப் பார்க்கிறோமா இல்லையா? விடுதலை என்கிறோமே, அதிலும் மூன்று உண்டு. பெயில் என்பது ஜாமீன். வழக்கு அப்படியே நிற்கும். டிஸ்சார்ஜ் என்றால், குற்றச்சாட்டு வனையவே முகாந்திரம் இல்லை என்று சாட்சி விசாரணைக்கு முன்பே விடுவிப்பது. அக்விட்டல் என்றால் முழு விசாரணைக்குப் பின் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்ற தீர்ப்பு. கன்விக்ஷனுக்கு எதிர்ச்சொல் அதுதான். அந்தத் தம்பிக்கு இந்த ஒரு ஜோடி தெரிந்திருந்தால் போதும்.

கைடுகளில் ஒத்த சொற்களைச் சமக்குறி போட்டு அச்சடித்திருப்பார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். ஸ்லிம், ஸ்கின்னி இரண்டும் ஒல்லிதான். முன்னது பாராட்டு, பின்னது குறை. ரிக்வெஸ்ட், டிமாண்ட் இரண்டும் கேட்பதுதான். லீவு லெட்டரில் டிமாண்ட் என்று எழுதிப் பாருங்கள், தெரியும்! (மேடையில் நமக்கு அது பழகிப்போய்விட்டது, அது வேறு.) 1852ல் ரோஜட் என்ற ஆங்கில மருத்துவர் தம் தெசாரஸை வெளியிட்டார். அகர வரிசையை விட்டு, கருத்து வாரியாகச் சொற்களைத் தொகுத்த நூல் அது. அந்தக் கூட்டத்தில் இடத்துக்குப் பொருந்தும் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு.

எதிர்ச்சொல்லிலும் பொறி உண்டு. லீகலுக்கு இல்லீகல் சரி. ஆனால் வேல்யுபிளுக்கு இன்வேல்யுபிள் எதிர்ச்சொல் அல்ல. விலைமதிக்க முடியாதது என்று பொருள். சாங்ஷன் என்ற சொல் தனக்குத் தானே எதிரி. கடன் சாங்ஷன் ஆனால் இனிப்பு வாங்குகிறோம். 1990ல் ஈராக் மீது ஐ.நா. போட்டதும் சாங்ஷன்தான், அது மருந்துக்கும் உணவுக்கும் மக்களைத் தவிக்கவிட்ட பொருளாதாரத் தடை.

இத்தனையையும் எப்படி மனனம் செய்வது? மதரஸாவில் எங்களுக்கு 'க-த-ப' என்று மூன்றெழுத்து வேரைக் கொடுப்பார்கள். கிதாப், காதிப், மக்தூப் எல்லாம் அதிலிருந்து வரும். ஆங்கிலத்துக்கும் லத்தீன் வேர்கள் உண்டு. 'டிக்ட்' என்றால் சொல்லுதல். பிரிடிக்ட், முன்கூட்டிச் சொல்வது. கான்ட்ரடிக்ட், மறுத்துச் சொல்வது. 'பெனி' நல்லது, 'மல்' கெட்டது. பெனவலன்ட் நன்மை நாடுபவர், மலெவலன்ட் தீமை நாடுபவர். ஒரு வேரைப் பிடித்தால் கிளையெல்லாம் கைக்கு வரும். 1949ல் வெளிவந்த நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இந்த வழியில்தான் போகிறது. பழைய புத்தகக் கடைகளிலும் கிடைக்கும்.

ஒரு நோட்டு போடுங்கள். தினம் ஐந்து சொல், அதற்கு மேல் வேண்டாம். ஆங்கில நாளிதழில் சொல்லைப் பார்த்த வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். பிறகு பொருள், ஒத்த சொல்லுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், எதிர்ச்சொல். வாக்கியம் இல்லாமல் எழுதிய சொல் பத்து நாளில் மறந்துவிடும், எனக்கு மறந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு நோட்டோடு வாருங்கள். நானும் என்னுடையதைக் கொண்டு வருகிறேன். பின்வரிசைத் தம்பிகள்தான் முதலில் என்னைக் கேள்வி கேட்க வேண்டும்.