காடறிந்த கால்கள்



வடதுருவத்தை அடுத்த நாடுகளில் குளிர்காலத்தில் சாலைகள் பனியில் மறைந்துவிடும். முன்னாளில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியே அங்கு ஊர்தியாக இருந்தது. 1925-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அலாஸ்காவைச் சேர்ந்த நோம் என்னும் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, மருந்தை 674 மைல் தொலைவு கொண்டு சேர்த்தவை இவ்வண்டிகளே. இருபது ஓட்டிகள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பெற்று, ஐந்தரை நாளில் அப்பணியை முடித்தனர். அவர்களுள் பலர் அந்நிலத்துப் பழங்குடியினர். எந்தப் பனிக்கட்டி பாரம் தாங்கும், எது உடையும் என்று அறிந்தவர் இல்லையேல் நாயும் வண்டியும் இருந்து பயனில்லை. இன்று உல்லாசப் பயணமாகச் சறுக்குவண்டி ஏறுவோரும் அத்தகைய வழிகாட்டியையே நம்பிச் செல்கின்றனர்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பனிவெளி இல்லை. ஆயினும், அறிந்தவர் துணையின்றிப் புகலாகாத காடுகள் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறினால், இடுக்கி மாவட்டத்துத் தேக்கடியை அடையலாம். 1895-இல் முல்லைப் பெரியாற்று அணை எழுந்ததால் தோன்றிய ஏரியும், அதனைச் சூழ்ந்த வனமும் 1978-இல் புலிகள் காப்பகமாயின.

அக்காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்திருந்தோர் யாவர்? இரவில் ஒளிந்து புகுந்து, வயணை மரத்தின் பட்டையை உரித்து விற்றவர்கள். மணத்துக்காக விலைபோகும் அப்பட்டை, இலவங்கப்பட்டையின் இனத்தது. பட்டையை இழந்த மரம் பட்டுப்போயிற்று; உரித்தவர் வாழ்வும் செழிக்கவில்லை. யானைக்கு அஞ்சினர்; காவலருக்கும் அஞ்சினர்; வழக்குகளில் சிக்கினர்.

1996-இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், வனத்துறை இவர்களைப் பகைவராகக் கருதாமல் பணியாளராக்க முற்பட்டது. பழைய தொழிலைக் கைவிட்டோர் ஒரு குழுவாக அமைந்தனர். பயணிகளை நடைவழியாகக் காட்டுக்குள் அழைத்துச் சென்று, கூடாரத்தில் தங்கவைத்து, உணவு சமைத்து அளித்து, மீட்டுக் கொணர்வது அவர்கள் பணியாயிற்று. 'பெரியாறு புலித்தடம்' என்பது அப்பயணத்தின் பெயர். துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் உடன் செல்வார். அட்டைக்கடிக்குக் காப்பாக நீண்ட காலுறையும் தருவர். பயணிகளோடு நடக்கும்போதே அவர்கள் கண்கள் காட்டைக் காவல் புரிகின்றன. திருடர் விட்டுச்சென்ற சுவட்டை இவர்களினும் விரைவாகக் காணவல்லார் யார்?

பாலக்காட்டு மாவட்டத்துப் பறம்பிக்குளத்திலும் காடர், மலசர், முதுவர் முதலிய பழங்குடியினர் வழிகாட்டிகளாக விளங்குகின்றனர். நம் சேத்துமடை வழியே அங்குச் செல்லும் தமிழர், கன்னிமரா என்னும் பழம்பெருந் தேக்கினை அவர்கள் துணையோடு காணலாம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தேக்கடியில் காட்டறிவு குற்றத்திலிருந்து மீட்கப்பட்டது. இங்கோ அது வழிவழி வந்த உரிமைச் செல்வம்.

அறிவு ஒன்றே, அழிப்பதும் காப்பதும் அதனால் இயலும். எவ்வழியில் அது செல்லும் என்பதை அவ்வறிவுடையோரின் அடுப்பு எரிகிறதா என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே, மலைக்குச் செல்லும் நாம் வழிகாட்டிக்குத் தரும் கூலியைச் செலவெனக் கருதற்க; அது காட்டுக்கு இடும் வேலி. அவர் நில் என்றால் நிற்போம். பேசற்க என்றால் வாய் மூடுவோம்.