கூரை யாருக்கு, வெளிச்சம் யாருக்கு?

(ரத்தோட்டைப் பகுதித் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றித் தலைவர் பேசிவிட்டார். நாங்கள் பேச வந்திருப்பது நம் வீட்டு விளக்கையும் அடுப்பையும் பற்றி.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். மே மாதம் பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை. பாடசாலையில் நாங்கள் எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும், லயத்துக்குப் போனால் குப்பி விளக்கில்தான் படிப்பு. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. குப்பி விளக்குக்கும் வழியில்லை.

இத்தனைக்கும் நாம் இருப்பது கரண்ட் உற்பத்தியாகும் மாவட்டம். மகாவலித் தண்ணீரைப் பொல்கொல்லையில் மறித்து, மலையைக் குடைந்து உக்குவளைக்குக் கொண்டுவந்து 1976 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அது 40 மெகாவோட் நிலையம். அதே தண்ணீர் சுது கங்கை வழியே போய் போவத்தென்னையில் இன்னொரு நிலையத்தைச் சுற்றுகிறது. மொறகஹகந்தையில் 25 மெகாவோட். எல்லாம் மாத்தளை மாவட்டம்தான்.

பெரிய அணைகளை விடுங்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கித்தான் தேயிலை ஃபெக்டரியை ஓட்டினார்கள். அரசாங்கக் கம்பி வந்த பிறகு அவற்றில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டார்கள். இங்கே வந்திருக்கும் பெரியவர்களில் சிலர் பழைய குழாயையும் கட்டுவாய்க்காலையும் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கணக்கு கஷ்டமானதல்ல, ஏழாம் வகுப்புப் பிள்ளை போடும். ஒரு செக்கனுக்கு 20 லீட்டர் தண்ணீர், அதாவது இரண்டு வாளி, 40 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் அதன் பலம் ஏறக்குறைய 8,000 வோட். குழாயிலும் இயந்திரத்திலும் பாதி போனாலும் 4,000 வோட் மிஞ்சும். வீட்டுக்கு 200 வோட் என்று பிரித்தால் 20 வீடுகளுக்கு விளக்கு, ரேடியோ, டீவி, போன் சார்ஜ். சோறாக்க முடியாது, பிள்ளை படிக்கும். கோடையில் ஓடை வற்றினால் குறையும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இது வெறும் கனவு இல்லை. 1990களிலிருந்து இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் நூற்றுக்கும் மேற்பட்ட சிங்களக் கிராமங்கள் இப்படித்தான் விளக்கேற்றின. ஊரார் மின்பாவனையாளர் சங்கம் அமைத்தார்கள், சிரமதானத்தில் வாய்க்கால் வெட்டினார்கள், மாதச் சந்தா கட்டினார்கள். சங்கம் அமைக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை! அப்படியானால் அவர்களுக்கு இருந்து நமக்கு இல்லாதது எது? காலுக்கடியில் சொந்த நிலம்.

சூரிய சக்தியிலும் இதே கதைதான். 2016இல் அரசாங்கம் கூரைக்குக் கூரை சூரியத் தகடு என்று ஒரு திட்டம் தொடங்கியது. பாவித்தது போக மிஞ்சும் மின்சாரத்துக்குத் தொடக்கத்தில் யூனிட்டுக்கு 22 ரூபாய் கொடுத்தார்கள். பிறகு விலை பல தடவை மாறியது. ஆனால் சேருவதற்கு உங்கள் பெயரில் மின்மானி வேண்டும், தகடு பூட்ட உங்கள் கூரை வேண்டும், கடன் எடுக்க பேங்கில் காட்ட ஒரு உறுதி வேண்டும். லயத்துக்காரனிடம் இதில் எது இருக்கிறது? சில லயங்களில் ஒரே மின்மானியிலிருந்துதான் பல வீடுகளுக்குக் கம்பி போகிறது. ஒரு தோட்டத்தில் நாங்கள் போய்க் கேட்டோம். “கூரை தோட்டத்துடையது, அதில் ஆணி அடிக்கக் கூடாது” என்றார்கள். அந்தக் கூரை ஒழுகுகிறது என்று முறைப்பாடு கொடுத்து அப்போதே எட்டு மாதம்.

சாணவாயுவும் அப்படியே. இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 20 கிலோ சாணம் கிடைக்கும். அதைத் தண்ணீரோடு கரைத்துக் குழிக்குள் விட்டால் இரண்டு மூன்று மணித்தியாலம் அடுப்பு எரியும் வாயு வரும். குழியிலிருந்து வெளிவரும் கரைசல் மரக்கறித் தோட்டத்துக்கு நல்ல பசளை. விறகுக்கு மலையேறும் தாய்மாரின் முதுகும் நெஞ்சும் தப்பும். ஆனால் குழி வெட்ட வேண்டுமே, யாருடைய மண்ணில் வெட்டுவது?

கம்பனிகளும் நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். 1970களில் அரசுடைமையான நிலம், 1992க்குப் பிறகு 53 வருடக் குத்தகையில்தான் அவர்களிடம் போனது. நாமோ 200 வருடமாக இங்கே இருக்கிறோம். 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்று நாம் கேட்பது தலைக்கு மேல் கூரைக்காக மட்டும் என்று நினைத்திருந்தோம். அந்தக் கூரையில் விழும் வெயிலும் அதில் சேர்ந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது.

உறுதி கைக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். யாரிடமும் அனுமதி கேட்காமல் இரண்டு வேலை செய்யலாம். ஒன்று, அனகி அடுப்பு. களிமண்ணில் செய்தது, இரண்டு பாத்திரம் ஒரே நெருப்பில் வேகும். மூன்று கல் அடுப்பை விட விறகு நன்றாகக் குறையும். விறகுக்கு, மிளகுக் கொடி ஏற்றும் கிளிரிசீடியாவை, சிங்களத்தில் கினிசீரியா என்பார்களே, அதை வேலியோரம் ஊன்றுங்கள். வெட்ட வெட்டத் தளிர்க்கும், இலை மாட்டுக்கும் பசளைக்கும் ஆகும்.

மற்றது, பற்றரியோடு கூடிய சின்னச் சூரியத் தகடு. வாசலில் ஒரு கம்பத்தில் பூட்டிவிடலாம், இரண்டு விளக்கும் போன் சார்ஜும் தாராளமாக நடக்கும். கரண்ட் கம்பி எட்டாத கிராமங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஒரு காலத்தில் இப்படிக் கடனில் எடுத்து விளக்கேற்றின. ஒன்று கவனம்: பற்றரி இல்லாமல், கரண்ட் கம்பியோடு இணைத்த கூரைத் தகடு, கரண்ட் போனால் பட்டப்பகலிலும் வேலை செய்யாது. விற்க வருகிறவர் இதைச் சொல்லமாட்டார். பற்றரிக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

தோழர்களே, அடுத்த மாதக் கமிட்டிக்கு முன் ஒவ்வொரு கிளைத் தலைவரும் தலைவியும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வர வேண்டும்: உங்கள் லயத்தில் எத்தனை வீடு, எத்தனை மின்மானி, பில் யார் பெயரில் வருகிறது, மாடு எத்தனை, தோட்டத்தில் கோடையிலும் ஓடும் ஓடை எது, பழைய குழாய் எங்கே கிடக்கிறது. தனி மின்மானியும், கூரையையும் ஓடைத் தண்ணீரையும் பாவிக்கும் உரிமையும் காணி உறுதிக் கோரிக்கையோடு ஒரே கடிதத்தில் போகப்போகின்றன. எழுதத் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம், மேல்வகுப்புப் பிள்ளைகளை உங்களோடு அனுப்பி வைக்கிறோம். கொப்பியும் பாடசாலையில் தருகிறோம்.